டிரான்சிஸ்டர் ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபயரை வீட்டில் கட்டுதல்: மீட்டர் முதலில், ஹெட்ஃபோன் கடைசியில்

ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபயரின் சர்க்யூட் படங்கள் தேடினால் எளிதாகக் கிடைத்துவிடும். ஆனால் கட்டி முடித்த பிறகு எந்தப் புள்ளியில் எத்தனை வோல்ட் இருக்க வேண்டும், எந்தப் பாகம் சுடுவது இயல்பு, எது சுட்டால் உடனே அணைக்க வேண்டும், ஹெட்ஃபோனை எந்தக் கட்டத்தில் செருகலாம் என்பவற்றை வரிசையாகச் சொல்லும் குறிப்பு எனக்கு ஓரிடத்திலும் முழுமையாகக் கிடைக்கவில்லை. துண்டு துண்டாகச் சேர்த்துத்தான் கட்டி முடிக்க நேர்ந்தது. முதன்முறையாகக் கட்டுபவருக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன். மல்டிமீட்டரைப் பிடிக்கத் தெரிந்தால் போதும். மின்னணுவியல் படித்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

1. எதைக் கட்டுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

இங்கே விவரிப்பது 12 வோல்ட் டிசியில் (நேர்மின்னோட்டத்தில்) இயங்கும், கிளாஸ் ஏ வகையைச் சேர்ந்த (அதாவது டிரான்சிஸ்டர்கள் எப்போதும் மின்னோட்டம் கடத்திக்கொண்டே இருக்கும்), எமிட்டர் ஃபாலோயர் அமைப்பு. ஒரு சேனலுக்கு ஒரு பிசி 547 (BC547), இரண்டு பிடி 139 (BD139) என மூன்று டிரான்சிஸ்டர்கள் போதும். இந்த அமைப்பு மின்னழுத்தத்தைப் பெருக்காது. உள்ளே 1 வோல்ட் வந்தால் வெளியேயும் ஏறத்தாழ 1 வோல்ட்தான் வரும். அது கூட்டித் தருவது மின்னோட்டத்தை. கைபேசியும் கணினியும் தரும் மின்னழுத்தம் பெரும்பாலும் போதுமானதாகவே இருக்கிறது. குறைந்த ஓம் கொண்ட ஹெட்ஃபோன் இழுக்கும் மின்னோட்டத்தைத் தளர்வின்றித் தருவதில்தான் அவற்றில் பல தடுமாறுகின்றன. 32 ஓம் ஹெட்ஃபோனுக்கு 1 வோல்ட் கொடுத்தால் அது சுமார் 31 மில்லிவாட். பெரும்பாலான ஹெட்ஃபோன்களுக்கு அது காது தாங்காத சத்தம்.

உங்களிடம் இருப்பது 300 ஓம் ஹெட்ஃபோன், மூலக்கருவியோ அரை வோல்ட்டுக்கு மேல் தராதது என்றால் இந்த அமைப்பு உங்களுக்குப் பொருந்தாது. அதற்கு மின்னழுத்தத்தையும் பெருக்கும் முன்நிலை ஒன்று தேவை. பாகங்களை வாங்கும் முன்பே இதை முடிவு செய்துவிடுங்கள்.

2. தேவையான ஆவணங்களைச் சேர்த்து வையுங்கள்

முதல் ஆவணம் டேட்டாஷீட், அதாவது பாகத்தின் விவரக் குறிப்பு. பிசி 547, பிடி 139, 1என் 5819 (1N5819) டையோடு ஆகிய மூன்றுக்கும், நீங்கள் வாங்கிய பாகத்தைத் தயாரித்த நிறுவனத்தின் டேட்டாஷீட்டையே இறக்கிக்கொள்ளுங்கள். அதில் உடனடியாகப் பார்க்க வேண்டியது கால்களின் வரிசை. பிசி 547இன் தட்டையான முகம் உங்களை நோக்கி, கால்கள் கீழ்நோக்கி இருந்தால் இடமிருந்து வலமாகக் கலெக்டர், பேஸ், எமிட்டர். பிடி 139இன் எழுத்துள்ள முகம் உங்களை நோக்கி இருந்தால் இடமிருந்து வலமாக எமிட்டர், கலெக்டர், பேஸ். பிசி 547க்குப் பதிலாக 2என் 3904 கிடைத்தால் அதுவும் வேலை செய்யும். ஆனால் அதன் கால் வரிசை எமிட்டர், பேஸ், கலெக்டர் என்று நேர் எதிராக இருக்கும். உருவம் ஒன்றுபோல இருப்பதால் இந்த இடத்தில் ஏமாறுவது மிக எளிது.

இரண்டாவது, நீங்களே கையால் வரைந்த சர்க்யூட் படம். கீழே சொற்களில் சொல்லியிருப்பதைப் படித்துக்கொண்டே வரைந்து பாருங்கள். வரைய முடியாத இடம் எதுவோ, அதுதான் உங்களுக்கு இன்னும் புரியாத இடம். மூன்றாவது, ஓர் அளவீட்டுத் தாள். ஒவ்வொரு புள்ளிக்கும் எதிர்பார்க்கும் வோல்ட், இடது சேனலில் கண்ட வோல்ட், வலது சேனலில் கண்ட வோல்ட் என மூன்று பத்திகள் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் ஒரு சேனல் பழுதானால் இந்தத் தாள்தான் வழி காட்டும்.

3. பாகங்களின் பட்டியல்

ஒரு சேனலுக்கான பாகங்கள் இவை. ஸ்டீரியோவுக்கு எல்லாவற்றையும் இரட்டிப்பாக்குங்கள்.

பிசி 547 ஒன்று. பிடி 139 இரண்டு. சிவப்பு எல்இடி ஒன்று. ரெசிஸ்டர்களில் 33 கிலோஓம் ஒன்று, 47 கிலோஓம் இரண்டு, 2.2 கிலோஓம் ஒன்று, 1 கிலோஓம் ஒன்று, 470 ஓம் ஒன்று, 12 ஓம் அரை வாட் ஒன்று, 2.2 ஓம் ஒன்று. கெபாசிட்டர்களில் 1 மைக்ரோஃபாரட் ஃபிலிம் வகை ஒன்று, 100 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் ஒன்று, 1000 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் ஒன்று. எலக்ட்ரோலிட்டிக் எல்லாம் 25 வோல்ட் தாங்குபவையாக இருக்கட்டும்.

இரு சேனலுக்கும் பொதுவானவை: 10 கிலோஓம் இரட்டை வால்யூம் கண்ட்ரோல், 12 வோல்ட் அடாப்டர், அதற்கான சாக்கெட், 1என் 5819 டையோடு, இன்னொரு 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று, உள்ளீட்டு ஜாக், ஹெட்ஃபோன் ஜாக், ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு), மைக்கா தகடுகள், பெட்டி. சோதனைக்கு மட்டும் 33 ஓம் 1 வாட் ரெசிஸ்டர்கள் இரண்டு.

இந்தப் பட்டியலில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. எல்இடி கட்டாயம் சிவப்பாகவே இருக்க வேண்டும். அது விளக்காக மட்டும் இங்கே இல்லை. அதன் சுமார் 1.8 வோல்ட்தான் மொத்த மின்னோட்டத்தையும் தீர்மானிக்கிறது. அழகுக்காக நீல எல்இடி போட்டால் அந்த அளவு 3 வோல்ட்டை நெருங்கும், மின்னோட்டம் இரட்டிப்பாகும், டிரான்சிஸ்டர்கள் கொதிக்கும். வால்யூம் கண்ட்ரோல் லாகரிதமிக் வகையாக இருக்க வேண்டும். அதன் மேலுள்ள எழுத்தை மட்டும் நம்பாமல் தண்டை நடுவில் நிறுத்தி, நடுக்காலுக்கும் ஓரக்கால்கள் ஒவ்வொன்றுக்கும் இடையே ஓம் அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக வந்தால் அது லீனியர் வகை. அதில் சற்றுத் திருப்பியதுமே சத்தம் பாய்ந்து ஏறும்.

4. செலவும் நேரமும்

டிரான்சிஸ்டர், ரெசிஸ்டர் ஆகியவற்றின் விலை மொத்தச் செலவில் சிறு பகுதிதான். பணத்தை விழுங்குபவை பெட்டி, அடாப்டர், ஜாக்குகள், வால்யூம் கண்ட்ரோல் ஆகியவை. ஆகவே சிக்கனம் பிடிக்க வேண்டிய இடம் பெட்டி. பழைய உலோகப் பெட்டி எதுவும் உதவும். சிக்கனம் பிடிக்கக் கூடாத இடங்கள் அடாப்டரும் வால்யூம் கண்ட்ரோலும். மலிவான இரட்டை வால்யூம் கண்ட்ரோலில் இரு சேனல்களும் குறைந்த ஒலியளவில் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது; பாட்டு ஒரு காதுப் பக்கம் சாய்ந்தே கேட்கும். டிரான்சிஸ்டர்களைத் தேவைக்கு இரு மடங்காக வாங்குங்கள். ஒன்று போனால் அதற்காக மட்டும் மறுபடி ஆர்டர் போட்டுக் காத்திருப்பது பொருளின் விலையைவிடப் பெரிய இழப்பு.

நேரத்தைப் பொறுத்தவரை, பாகங்கள் வந்து சேரும் காலம்தான் மிக நீளமானது. எல்லாம் கைக்கு வந்தபின் ஒரு மாலைப் பொழுதில் ஒரு சேனலைப் பிரெட்போர்டில் (சால்டர் இல்லாமல் பாகங்களைச் செருகிக் கட்டும் பலகையில்) கட்டி அளந்துவிடலாம். சால்டரிங் செய்ய ஒரு பகல் ஒதுக்குங்கள். பெட்டியில் துளையிட்டுப் பொருத்தும் வேலை பலரும் நினைப்பதைவிட அதிக நேரம் பிடிக்கும். அதற்கு இன்னொரு பகலைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

5. ஒரு சேனலை மட்டும் பிரெட்போர்டில் கட்டுங்கள்

செருகும் முன் ஒவ்வொரு ரெசிஸ்டரையும் மீட்டரில் அளந்துவிடுங்கள். குறிப்பாக 12 ஓம். வண்ணப் பட்டைகளைத் தவறாகப் படித்து 1.2 ஓம் போட்டால் டிரான்சிஸ்டர்கள் கருகும். 120 ஓம் போட்டால் ஒன்றும் கருகாது, ஆனால் ஒலி கரகரத்து உடையும், காரணமும் எளிதில் பிடிபடாது.

இணைப்புகள் பின்வருமாறு. அடாப்டரின் நேர்முனை 1என் 5819 வழியாகச் செல்கிறது. டையோடின் கோடு போட்ட பக்கம்தான் நம் நேர்வரி. அடாப்டரின் எதிர்முனைதான் கிரவுண்ட். நேர்வரிக்கும் கிரவுண்டுக்கும் இடையே 1000 மைக்ரோஃபாரட், 0.1 மைக்ரோஃபாரட் இரண்டும் இணையாக நிற்கும். நேர்வரியிலிருந்து 33 கிலோஓம் ஒரு புள்ளிக்கு இறங்கும். அந்தப் புள்ளியிலிருந்து 47 கிலோஓம் கிரவுண்டுக்குப் போகும். இதைச் சார்புப் புள்ளி என்று அழைப்போம். சார்புப் புள்ளிக்கும் கிரவுண்டுக்கும் இடையே 100 மைக்ரோஃபாரட் வைக்க வேண்டும். அடாப்டரின் இரைச்சல் ஒலிக்குள் நுழையாமல் தடுப்பது பெரும்பாலும் இதுதான்.

சார்புப் புள்ளியிலிருந்து இரண்டாவது 47 கிலோஓம் உள்ளீட்டுப் புள்ளிக்குச் செல்லும். வால்யூம் கண்ட்ரோலின் ஓரக்கால்களில் ஒன்று உள்ளீட்டு ஜாக்கின் சிக்னலுக்கும் மற்றது கிரவுண்டுக்கும் போகும். அதன் நடுக்கால் 1 மைக்ரோஃபாரட் வழியாக அதே உள்ளீட்டுப் புள்ளிக்கு வரும். அங்கிருந்து 470 ஓம் பிசி 547இன் பேஸுக்குப் போகும். இந்த 470 ஓம் பேஸ் காலுக்கு ஒட்டியே இருக்க வேண்டும். தள்ளி வைத்தால் காதுக்குக் கேட்காத உயர் அதிர்வெண்ணில் சர்க்யூட் தானாக அலைய வாய்ப்புண்டு.

பிசி 547இன் கலெக்டர் நேர்வரிக்கு. எமிட்டர் மேல் பிடி 139இன் பேஸுக்கு. மேல் பிடி 139இன் கலெக்டர் நேர்வரிக்கு. அதன் எமிட்டர்தான் வெளியீட்டுப் புள்ளி. கீழ் பிடி 139இன் கலெக்டர் அதே வெளியீட்டுப் புள்ளியில் சேரும். அதன் எமிட்டர் 12 ஓம் வழியாகக் கிரவுண்டுக்குச் செல்லும். அதன் பேஸுடன் எல்இடியின் நீளக்கால் சேர வேண்டும், குட்டைக்கால் கிரவுண்டுக்கு. நேர்வரியிலிருந்து 2.2 கிலோஓம் அதே நீளக்காலுக்கு வரும்.

வெளியீட்டுப் புள்ளியில் 1000 மைக்ரோஃபாரட்டின் நேர்முனையை இணையுங்கள். அதன் எதிர்முனையிலிருந்து 1 கிலோஓம் கிரவுண்டுக்கும், 2.2 ஓம் ஹெட்ஃபோன் ஜாக்குக்கும் போகும். ஜாக்கில் நுனி இடது, நடு வளையம் வலது, அடிப்பகுதி கிரவுண்ட்.

மின்சாரம் கொடுக்கும் முன் எல்இடியின் திசையை இன்னொரு முறை பாருங்கள். அது திரும்பியிருந்தால் எரியாது என்பதோடு முடிந்துவிடாது: கீழ் டிரான்சிஸ்டரைக் கட்டுப்படுத்த ஒன்றும் இல்லாமல் போய், ஏறத்தாழ மூன்று மடங்கு மின்னோட்டம் பாய்ந்து 12 ஓம் ரெசிஸ்டர் புகையத் தொடங்கும்.

6. முதல் மின்சாரம்

வீட்டு மின்சாரத்தை நேரடியாகத் தொடும் எந்த வேலையும் இதில் வேண்டாம். 12 வோல்ட், 500 மில்லிஆம்பியருக்குக் குறையாத, தரமான மூடிய அடாப்டரையே பயன்படுத்துங்கள். இரு சேனலும் சேர்ந்து இழுப்பது சுமார் 200 மில்லிஆம்பியர்தான் என்றாலும் அடாப்டர் திணறாமல் இருக்க அந்த இடைவெளி தேவை. மேல் பிடி 139 அரை வாட்டுக்கு மேல் வெப்பம் உண்டாக்கும் என்பதால் பிரெட்போர்டிலேயே இரண்டு டிரான்சிஸ்டருக்கும் சிறு ஹீட்சிங்கைத் தனித்தனியாகத் திருகிவிடுங்கள். அவை ஒன்றையொன்று தொடக் கூடாது.

ஹெட்ஃபோன் இப்போது அறையின் மறுகோடியில் இருக்கட்டும். மீட்டரை ஆம்பியர் அளவுக்கு மாற்றி, அடாப்டரின் நேர்வயரில் தொடராக இணைத்து மின்சாரம் கொடுங்கள். சில வினாடிகளில் ஒரு சேனலுக்குச் சுமார் 100 மில்லிஆம்பியரில் எண் நிலைக்க வேண்டும். 150ஐத் தாண்டினால் உடனே பிடுங்கிவிடுங்கள். 5 மில்லிஆம்பியர் அளவிலேயே நின்றால் 2.2 கிலோஓம் வழியாக மட்டும் மின்னோட்டம் போகிறது. மேல் டிரான்சிஸ்டர்கள் விழிக்கவில்லை என்று பொருள். பிசி 547இன் கால்களை முதலில் சரிபாருங்கள்.

ஆம்பியர் அளந்து முடித்ததும் மீட்டரின் சிவப்பு வயரைப் பழையபடி வோல்ட் துளைக்கு மாற்றுங்கள். மாற்றாமல் வோல்ட் அளக்கப் போனால் மீட்டர் அந்த இரு புள்ளிகளையும் ஷார்ட் செய்துவிடும். இந்த ஒரு மறதியால் போகும் டிரான்சிஸ்டர்களும் மீட்டர் ஃப்யூஸ்களும் ஏராளம்.

7. வோல்ட் அளவுகள்

100 மைக்ரோஃபாரட் மெல்ல நிறைவதால் எண்கள் நிலைக்கப் பத்து வினாடிக்கு மேல் ஆகும், பதற வேண்டாம். கறுப்பு வயரைக் கிரவுண்டில் வைத்துப் பின்வரும் வரிசையில் அளந்து தாளில் எழுதுங்கள்.

நேர்வரியில் சுமார் 11.7 வோல்ட். சார்புப் புள்ளியில் 6.6 முதல் 6.9 வரை. பிசி 547இன் எமிட்டரில் சுமார் 5.8. வெளியீட்டுப் புள்ளியில் 4.8 முதல் 5.6 வரை எதுவும் சரி. எல்இடியின் நீளக்காலில் 1.8 முதல் 1.9 வரை. 12 ஓமுக்குக் குறுக்கே 1.1 முதல் 1.2 வரை, இதை 12ஆல் வகுத்தால் 92 முதல் 100 மில்லிஆம்பியர். இந்தக் கடைசி அளவு சரியாக இருந்தால் சர்க்யூட்டின் இதயம் சரியாக இருக்கிறது.

இறுதியாக, வெளியீட்டிலுள்ள 1000 மைக்ரோஃபாரட்டின் எதிர்முனை. மின்சாரம் கொடுத்தவுடன் இங்கே சிறு அளவு தோன்றி, ஒரு நிமிடத்துக்குள் சில மில்லிவோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட வேண்டும். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று இறங்காமல் நின்றால் கெபாசிட்டர் பழுது, அல்லது திருப்பி வைக்கப்பட்டிருக்கிறது. அந்த டிசி ஹெட்ஃபோனின் மெல்லிய வாய்ஸ் காயிலுக்குள் போனால் திரையை ஒரு பக்கமாகத் தள்ளி, காயிலைச் சூடாக்கும். இந்த ஓர் அளவு சரியாகும் வரை ஹெட்ஃபோனைத் தொடாதீர்கள்.

8. சால்டரிங், வெப்பம், கிரவுண்ட்

ஒரு சேனல் தேறியபின் இரண்டையும் போர்டில் சால்டர் செய்யுங்கள். ரோசின் உள்ள, காரீயம் கலந்த மெல்லிய சால்டர் புதியவருக்கு வசதி. அயர்னின் முனை 320 முதல் 350 டிகிரி வரை இருந்தால் போதும். சன்னலைத் திறந்து வையுங்கள், முடிந்ததும் கையைக் கழுவுங்கள். உயரம் குறைந்த ரெசிஸ்டர்களில் தொடங்கிப் பெரிய கெபாசிட்டர்களில் முடியுங்கள். ஸ்ட்ரிப்போர்டு என்றால் வெட்ட வேண்டிய செம்புப் பட்டைகள் முழுமையாக வெட்டுப்பட்டனவா என்று மீட்டரில் சோதியுங்கள்; கண்ணுக்குத் தெரியாத மயிரிழைச் செம்பு ஒன்று போதும், மொத்தத்தையும் கெடுக்க.

பிடி 139இன் பின்புற உலோகம் அதன் கலெக்டருடன் இணைந்தது. நான்கையும் ஒரே ஹீட்சிங்கிலோ உலோகப் பெட்டியின் சுவரிலோ திருகினால் நேர்வரியும் வெளியீடும் ஒன்றோடொன்று ஷார்ட் ஆகிவிடும். ஒவ்வொன்றின் பின்னும் மைக்கா தகடும், இரு பக்கமும் மெல்லிய பூச்சாக வெப்பப் பசையும் வையுங்கள். திருகிய பிறகு ஒவ்வொரு கலெக்டருக்கும் ஹீட்சிங்குக்கும் இடையே ஓம் அளந்து, இணைப்பு இல்லை என்பதை உறுதி செய்த பின்னரே மின்சாரம் கொடுங்கள். அரை மணி நேரம் ஓடவிட்டு ஹீட்சிங்கைத் தொடுங்கள்: வெதுவெதுப்பு இயல்பு, விரலை வைத்திருக்க முடியாத சூடு என்றால் ஹீட்சிங்க் போதவில்லை. அப்போதே 12 ஓம் அளவையும் மறுபடி எடுங்கள். முதலில் எழுதியதிலிருந்து பெரிதாக விலகியிருக்கக் கூடாது.

கிரவுண்ட் வயர்களைச் சங்கிலியாகக் கோக்காமல், 1000 மைக்ரோஃபாரட் மின்வழங்கல் கெபாசிட்டரின் எதிர்முனையில் எல்லாம் தனித்தனியாக வந்து சேரும்படி செய்யுங்கள். குறிப்பாக ஹெட்ஃபோன் ஜாக்கின் கிரவுண்டும் உள்ளீட்டின் கிரவுண்டும் ஒரே வயரைப் பகிர்ந்துகொண்டால் ஒரு சேனலின் ஒலி மற்றதில் கசியும். பெட்டி உலோகமானால் அது கிரவுண்டை ஓரிடத்தில் மட்டும் தொடட்டும். ஜாக்குகள் பெட்டியிலிருந்து பிளாஸ்டிக் வளையத்தால் பிரிக்கப்பட்டவையாக இருந்தால் இந்த வேலை எளிதாகும்.

9. ஹெட்ஃபோன்

முதலில் வெளியீட்டில் 33 ஓம் ரெசிஸ்டர்களை ஹெட்ஃபோனுக்குப் பதிலாக இணைத்து, பாட்டை ஓடவிட்டுச் சில நிமிடம் பாருங்கள். அளவுகள் அசையாமல் இருந்தால் விலை குறைந்த இயர்ஃபோன் ஒன்றைச் செருகுங்கள், ஆனால் காதில் வைக்க வேண்டாம். வால்யூமைக் குறைந்த நிலையிலிருந்து மெல்ல ஏற்றுங்கள். வலப்பக்கம் திருப்பும்போது ஒலி குறைந்தால் வால்யூம் கண்ட்ரோலின் ஓரக்கால்கள் இடம் மாறியிருக்கின்றன. திருப்பும்போது மட்டும் கரகரப்பு கேட்டால் 1 மைக்ரோஃபாரட் வழியாக டிசி கசியக்கூடும். அந்தக் கெபாசிட்டரை மாற்றிப் பாருங்கள். எல்லாம் தெளிவாக இருந்தால் உங்கள் நல்ல ஹெட்ஃபோனுக்கு நேரம் வந்துவிட்டது. இந்த ஆம்ப்ளிஃபயரைப் போட்டு 15 வினாடி கழித்துச் செருகுவதையும், அணைக்கும் முன் பிடுங்குவதையும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். கெபாசிட்டர் நிறையும்போதும் வடியும்போதும் எழும் தட்டல் ஒலி அப்போது காதுக்கு வராது.

10. இரைச்சல் இருந்தால்

வால்யூமை முழுதும் குறைத்தாலும் இரைச்சல் மாறாமல் இருந்தால் காரணம் அடாப்டரிலோ கிரவுண்டிலோ இருக்கிறது. இன்னொரு அடாப்டரை மாற்றிப் பார்ப்பதுதான் விரைவான சோதனை. வால்யூம் கண்ட்ரோலின் உலோக உடலைத் தொட்டதும் ஹம் நின்றால் அந்த உடலிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு வயர் இழுங்கள். கைபேசி அருகில் வரும்போது மட்டும் டிக் டிக் என்று கேட்டால், உள்ளீட்டு ஜாக்கில் ஒவ்வொரு சேனலின் சிக்னல் காலுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 220 பைக்கோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றைச் சால்டர் செய்யுங்கள். மடிக்கணினியை அதன் சார்ஜரோடு இணைத்தால் மட்டும் ரீங்காரம் வந்து, சார்ஜரைப் பிடுங்கியதும் அடங்கினால், உங்கள் ஆம்ப்ளிஃபயரில் பழுது ஏதுமில்லை. இரு அடாப்டர்களின் கிரவுண்டுகளுக்கு இடையே ஒரு சுழல் உண்டாகியிருக்கிறது. அப்போது மடிக்கணினியைப் பேட்டரியில் ஓட்டுங்கள், அல்லது இரண்டுக்கும் நடுவே ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைப் போடுங்கள்.